ரிட்டர்ன் டிக்கெட்

ஃப்ளாட்ஸ் அசோசியேஷனில் செக்ரட்டரியாக இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போவது சட்டென்று புரியும். மாதச் சந்தாவை யாரும் ஒழுங்காகத் தர மாட்டார்கள். மீட்டிங் என்றால் மட்டும் அத்தனை பேரும் ஆஜராகி மணிக்கணக்கில் பேசுவார்கள். மோட்டார் ரிப்பேரானால் செக்ரட்டரியைத் திட்டுவார்கள். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. 'இவருக்கு யார் இவ்வளவு அதிகாரம் கொடுத்தது?' என்று அடுத்த மீட்டிங்கில் அதுவே முதல் சப்ஜெக்ட்.

இப்போது அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு ஃப்ளாட்காரரும் ஒரு தேசத்தின் ஜனாதிபதி, அல்லது மகாராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ராணுவம் இருக்கிறது. ஒரு நாள், மூன்றாவது மாடிக்காரர் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து அவருடைய ராணுவமே வீட்டைப் பூட்டிக்கொண்டு விடுகிறது. பக்கத்து ஃப்ளாட்காரர் அவருக்கு அடைக்கலம் கொடுத்து, 'இனி என் வீட்டுக்கு இவரும் கூட்டுச் சொந்தக்காரர்' என்று அறிவிக்கிறார். அடுத்த மீட்டிங்கில் மூன்றாவது மாடிக்கான நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? செக்ரட்டரி, சொல்லய்யா!

கற்பனை இல்லை ஸார். 1966-ல் நிஜமாகவே நடந்தது. அந்த செக்ரட்டரியின் பெயர் டியாலோ தெல்லி. (நம் தலைநகரத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது.) ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். எட்டு வருஷம் அந்த நாற்காலியில் தாக்குப் பிடித்தார். அதற்குப் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பினார். கதையே அந்தத் திரும்பலில்தான் இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினியா என்றொரு நாடு. அங்கே ஃபூட்டா ஜாலோன் என்கிற மலைப் பிரதேசத்தில், பொரேடாக்கா என்ற சின்ன ஊரில் 1925-ல் பிறந்தார் தெல்லி. ஃபுலா இனம். பையன் படிப்பில் சூரன். காலனி ஆட்சியில் கறுப்பினப் பையன் ஒருவன் எவ்வளவு தூரம் படிக்க முடியுமோ அவ்வளவு தூரம் படித்தார். டாக்கரில் பள்ளி, பாரீஸில் சட்டம், அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காலனி அதிகாரிகளைத் தயாரிப்பதற்காகவே நடத்திய கல்லூரி. நம்ம ஊர் பழைய ஐ.சி.எஸ். மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் அரசு வக்கீல் வேலை, பிறகு 1957-ல் டாக்கரில் ஒரு பெரிய நாற்காலி. பிரான்ஸின் மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகள் எட்டுக்கும் சேர்த்து அங்கே ஒரு மகா சபை இருந்தது. அதற்கு இவர் பொதுச் செயலாளர். வயது முப்பத்திரண்டு. அப்படியே உட்கார்ந்திருந்தால் பென்ஷனோடு ரிட்டையராகி, பாரீஸில் குளிருக்கு இதமாக மஃப்ளர் சுற்றிக்கொண்டு வாக்கிங் போயிருக்கலாம்.

விதி, ஓர் உயரமான பிரெஞ்சு ஜெனரல் ரூபத்தில் வந்தது.

1958-ல் ஜெனரல் டிகால் தன் ஆப்பிரிக்கக் காலனிகளிடம் ஒரு கேள்வி கேட்டார். 'பிரான்ஸோடு சேர்ந்து ஒரு சமூகமாக இருக்கிறீர்களா? ஆமாம் என்றால் சந்தோஷம். இல்லை என்றால் நாளைக்கே உங்களுக்குச் சுதந்திரம். ஆனால் அப்புறம் எங்களிடம் வந்து நிற்கக் கூடாது.' எல்லாக் காலனிகளும் பவ்யமாக 'ஆமாம்' என்றன. கினியா மட்டும் 'இல்லை' என்றது. செப்டம்பர் 28-ம் தேதி வாக்கெடுப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் 'இல்லை'. நாலே நாளில், அக்டோபர் 2-ல், சுதந்திர நாடு.

'இல்லை' சொல்ல வைத்தவர் செகூ தூரே. தபாலாபீஸில் கிளார்க்காக இருந்து, தொழிற்சங்கம் கட்டி, தலைவரானவர். முப்பத்தாறு வயசு. வெள்ளை வெளேரென்ற உடுப்பு. மேடையில் பேசினால் கூட்டம் அப்படியே கிறங்கும். டிகாலையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'அடிமையாகச் செல்வத்தோடு வாழ்வதைவிடச் சுதந்திரமாக ஏழ்மையில் வாழ்வோம்' என்ற அர்த்தத்தில் முழங்கியவர். ஜெனரலுக்கு முகம் சிவந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள். சும்மா கிளம்பவில்லை. ஃபைல்களைக் கொளுத்தினார்கள், டெலிபோனைப் பிடுங்கினார்கள், பல்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று தலைநகர் கொனாக்ரியில் கதை கதையாகச் சொல்வார்கள். ஜீவனாம்சம் கேட்காத மனைவியைப் பழிவாங்குகிற கணவன் மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் தெல்லி டாக்கர் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தன் நாட்டின் பக்கம் வந்து நின்றார். படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய நாடு. பாரீஸில் சட்டம் படித்த ஒருவர் தானாக வந்து 'என்ன வேலை கொடுக்கிறீர்கள்?' என்று நிற்கிறார். விடுவார்களா? நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் 12-ம் தேதி கினியா ஐ.நா.வில் உறுப்பினர். முதல் நிரந்தரப் பிரதிநிதி டியாலோ தெல்லி.

அந்த நியூயார்க் வருஷங்களில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பின்னால் தேவைப்படும்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்காணிக்க ஐ.நா. 1962 நவம்பரில் ஒரு விசேஷக் கமிட்டி அமைக்கத் தீர்மானித்தது. பதினோரு நாடுகள். மேற்கத்திய நாடு ஒன்றுகூடச் சேர மறுத்துவிட்டது. 'பல்லில்லாத கமிட்டி, இதில் யார் உட்காருவார்கள்?' என்கிற அலட்சியம். முதல் தலைவர் நம்ம தெல்லி. அந்தக் கமிட்டியின் செயலாளராக ஐ.நா. போட்டது ஓர் இந்தியரை. நெல்லூர் ஜில்லாவில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய ஈ.எஸ். ரெட்டி. நிறவெறிக்கு எதிராக ஐ.நா.வுக்குள் ஆயுள் முழுக்க உழைத்த மனிதர். 2020-ல், தொண்ணூற்றாறு வயதில் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும்.

தெல்லியும் ரெட்டியும் சேர்ந்து அந்தப் பல்லில்லாத கமிட்டிக்குப் பல் கட்டினார்கள். 1963 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் மண்டேலா உள்ளிட்டவர்கள் மீது ரிவோனியா வழக்கு தொடங்கியது. தூக்கு தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கு. அடுத்த இரண்டாவது நாள், அக்டோபர் 11-ல், ஐ.நா. பொதுச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அந்த விசாரணையைக் கைவிடு, அரசியல் கைதிகளை நிபந்தனையின்றி விடுதலை செய் என்று. ஆதரவு 106. எதிர்ப்பு 1. அந்த ஒன்று, தென்னாப்பிரிக்காவேதான்.

நூற்றாறுக்கு ஒன்று. ஒரு ராஜதந்திரிக்கு இதைவிடப் பெரிய ஸ்கோர் கிடையாது.

அடுத்த வருஷம் ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்புக்கு இவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அமைப்பு 1963 மே 25-ல் அடிஸ் அபாபாவில் 32 நாடுகளோடு ஆரம்பித்தது. கானாவின் நிக்ருமா, 'மொத்த ஆப்பிரிக்காவும் ஒரே நாடு, ஒரே அரசு' என்று கனவு கண்டவர். மற்றவர்களுக்கோ இப்போதுதான் கொடி, தேசிய கீதம், ஜனாதிபதி மாளிகை எல்லாம் கிடைத்திருக்கிறது. அதற்குள் யாரிடம் கொண்டுபோய் ஒப்படைப்பது? கடைசியில் ஒரு சமரசம். சேர்ந்து இருப்போம், ஆனால் அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்க மாட்டோம். சாசனத்திலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

செயலாளர் பதவியின் பெயரைப் பாருங்கள். வெறும் 'பொதுச் செயலாளர்' இல்லை. 'நிர்வாகப் பொதுச் செயலாளர்'. அந்த ஒரு வார்த்தையை யோசித்துத்தான் சேர்த்தார்கள். 'லெட்டர் போடு, மினிட்ஸ் எழுது, மீட்டிங்குக்கு ஹால் புக் பண்ணு. அரசியல் எங்களுடையது' என்று அர்த்தம். உதவிச் செயலாளர்களைக்கூட அவராகத் தேர்ந்தெடுக்க முடியாது. அதையும் தலைவர்கள்தான் செய்வார்கள். ஆபீஸ் வைத்துக்கொள்ள எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாஸி ஒரு கட்டடம் கொடுத்தார். போலீஸ் கல்லூரி நடந்துகொண்டிருந்த இடம்.

தெல்லியோ மினிட்ஸ் எழுதுகிற ஜாதி இல்லை. தலைவர்கள் தீர்மானம் போட்டால் அதை நிஜமாகவே செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிற விசித்திரப் பிறவி. உதாரணத்துக்கு, 1965 டிசம்பரில் ஒரு தீர்மானம். ரொடீஷியாவில் வெள்ளைக்காரச் சிறுபான்மை அரசு தானாகவே சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. 'டிசம்பர் 15-க்குள் பிரிட்டன் அதை அடக்காவிட்டால், நாங்கள் அத்தனை பேரும் பிரிட்டனோடு உறவை முறித்துக்கொள்வோம்' என்று ஆப்பிரிக்க மந்திரிகள் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். ஆஹா என்று கை தட்டல். டிசம்பர் 15 வந்தது. முப்பத்தாறு நாடுகளில் முறித்துக்கொண்டவை ஒன்பது, பத்துதான். மற்றவர்கள் அன்றைக்கு ஊரில் இல்லை போலிருக்கிறது.

இனி, முதலில் சொன்ன மூன்றாவது மாடி விவகாரம். 1966 பிப்ரவரி 24. நிக்ருமா வியட்நாமுக்குச் சமாதானம் பேசப் புறப்பட்டு பீகிங்கில் இருக்கிறார். கானாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. கூட வந்திருந்த வெளியுறவு மந்திரி அலெக்ஸ் குவைசன் சாக்கி, சாதாரண ஆள் இல்லை. ஐ.நா. பொதுச் சபையின் தலைவராக இருந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அவரிடம் நிக்ருமா, 'அடிஸ் அபாபா மீட்டிங்குக்குப் போய் நம் பக்க நியாயத்தைச் சொல்' என்று அனுப்பினார். மந்திரி கிளம்பினார். ஆனால் போய் இறங்கியது அடிஸ் அபாபாவில் இல்லை, அக்ராவில். புதிய ராணுவ அரசுக்கு வணக்கம் சொல்லிவிட்டார். 1992-ல் இயற்கையாகக் காலமானார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கதையை முழுக்கப் படித்தால் உங்களுக்கும் வராது.

நிக்ருமா கினியாவுக்கு வந்தார். செகூ தூரே அவரைக் கட்டிப் பிடித்து, 'நீங்களும் கினியாவுக்கு ஜனாதிபதி' என்று கூட்டு ஜனாதிபதியாகவே அறிவித்துவிட்டார். உலகத்தில் வேறு எந்த விருந்தாளிக்கும் இப்படி ஒரு உபசாரம் நடந்திருக்காது. அடிஸ் அபாபா கூட்டத்தில் கானாவின் நாற்காலி புதிய அரசுக்குப் போனது. கினியா உட்படச் சில நாடுகள் வெளிநடப்பு. வெளியே போவது தன் சொந்த நாடு. உள்ளே உட்கார வேண்டியது தன் உத்தியோகம். தெல்லி உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதே வருஷம் அக்டோபரில் இன்னும் மோசம். கினியாவின் வெளியுறவு மந்திரி அடிஸ் அபாபா கூட்டத்துக்குப் போகிற வழியில் விமானம் அக்ராவில் இறங்க, கானா அரசு அவரையும் பரிவாரத்தையும் இறக்கிப் பிடித்து வைத்துக்கொண்டது. விமானம் அமெரிக்கக் கம்பெனியுடையது என்பதால் செகூ தூரே கொனாக்ரியில் அமெரிக்கத் தூதரை வீட்டுக் காவலில் வைத்தார். இதையெல்லாம் சமாதானம் செய்ய வேண்டிய அமைப்பின் செயலாளர் ஒரு கினியாக்காரர். கானாக்காரர்கள் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள்? அதைவிட, கினியாவில் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

அதற்குள் கினியாவில் காற்று மாறிவிட்டிருந்தது. 'இல்லை' சொல்லிப் பெற்ற நாட்டில், தூரேவுக்கு யாரும் 'இல்லை' சொல்ல முடியாது. வருஷத்துக்கொரு சதி. 1960-ல் ஒரு சதி, 61-ல் வாத்தியார்கள் சதி, 65-ல் வியாபாரிகள் சதி, 69-ல் ராணுவ அதிகாரிகள் சதி. 'நிரந்தரச் சதி' என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். சதிகாரர்களுக்கென்று தலைநகரில் ஓர் இடம், போய்ரோ முகாம். அதைக் கட்டுவதில் முன்னால் நின்றவர் மந்திரி ஃபொதெபா கெய்த்தா. 'ஆப்பிரிக்க பாலே' என்ற நாட்டியக் குழுவை உருவாக்கி உலகம் முழுக்கப் புகழ் பெற்ற கலைஞர். 1969-ல் அவரும் சதிகாரரானார். அவர் கட்டிய இடத்துக்கே அவரை அனுப்பினார்கள். திரும்பவில்லை.

இன்னொருவர் அஷ்கார் மாரோஃப். ஐ.நா.வில் தெல்லி காலி செய்த அதே நாற்காலிக்கு வந்தவர். நிறவெறி எதிர்ப்புக் கமிட்டிக்கும் தெல்லிக்கு அடுத்த தலைவர். ஆக, இரண்டு நாற்காலியிலும் வாரிசு. 1968-ல் 'ஊருக்கு வா' என்று கூப்பிட்டார்கள். வந்தார். போய்ரோ. 1971 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். அதே ஜனவரியில் கொனாக்ரியில் ஒரு பாலத்தில் மந்திரிகள் உள்பட நாலு பேரைத் தொங்கவிட்டு ஜனங்களை வந்து பார்க்கச் சொன்னார்கள். 1970 நவம்பரில் போர்ச்சுகீசியர்கள் கொனாக்ரியில் வந்து இறங்கித் தாக்கியது நிஜம். அதற்குப் பிறகு தூரேவின் பயத்துக்கு ஓர் ஆதாரமும் கிடைத்துவிட்டது. பயத்துக்கு ஆதாரம் கிடைத்தால் அப்புறம் அளவே கிடையாது.

அடிஸ் அபாபாவில் இருந்த அமைப்பு இதற்கெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வீட்டு விவகாரம்.

1972 ஜூனில் ரபாத் மாநாடு. தெல்லியை மாற்றிவிட்டு, கமரூன் நாட்டின் நூஸோ எகங்காகியை உட்கார வைத்தார்கள். எட்டு வருஷம் போதும் என்று பலருக்குத் தோன்றியிருந்தது. நிர்வாகச் செயலாளர் நிர்வாகத்தோடு நிற்கவில்லையே.

நாற்பத்தேழு வயசு. நியூயார்க்கிலும் ஜெனிவாவிலும் பாரீஸிலும் தெரிந்த முகம். ஒரு ஐ.நா. உத்தியோகமோ, புரொபஸர் வேலையோ, ஒன்றுமில்லை என்றால் ஞாபகக் குறிப்புகள் எழுதும் வேலையோ நிச்சயம். நண்பர்கள், 'போகாதே' என்று கெஞ்சியிருக்கிறார்கள். கினியாக்காரர்கள் லட்சக்கணக்கில் செனகலுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் தப்பி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் வெளியே ஓட, இவர் எதிர்த் திசையில் நடந்தார்.

ஏன்?

பி.காம். படித்ததில் எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் பேப்பரின் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதிப் பார்ப்பேன். இவர் விஷயத்தில் எழுதிப் பார்த்தால், போகாதே என்கிற பக்கம் ரொம்பி வழிகிறது. தூரே சந்தேகப் பிராணி. வெளிநாட்டில் புகழ் பெற்றவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. 'எனக்குப் பதில் யார்?' என்று உலகம் யோசித்தால் தெல்லியின் பெயர் தானாக ஞாபகம் வரும், அதுவே குற்றம். ஃபுலா இனத்தார் மீது வேறு தூரேவுக்குத் தனிச் சந்தேகம். அஷ்கார் மாரோஃப் போன வழி கண் முன்னால் இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது? சொந்த ஊர். அவ்வளவுதான்.

ஏமாளி என்று சிலர் சொல்வார்கள். பதவி ஆசை என்று சிலர். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. பதினான்கு வருஷமாக இந்த மனிதர் உலகத்துக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: 'கினியா 1958-ல் எடுத்த முடிவு சரி. எங்களை நாங்களே ஆள முடியும்.' டாக்கர் உத்தியோகத்தை உதறியது அதற்காக. நியூயார்க்கில் தொண்டை வறளப் பேசியது அதற்காக. வேலை முடிந்ததும் பாரீஸில் ஃப்ளாட் பார்த்துக்கொண்டு செட்டிலானால், 'நான் சொன்னதை நானே நம்பவில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா? ஒரு வக்கீல் தன் கட்சிக்காரனின் குற்றத்தைக் கடைசியாகத்தான் நம்புவான். அதுவும் கட்சிக்காரன் சொந்த நாடாக இருந்தால் நம்பவே மாட்டான்.

போனார். வரவேற்பு பலமாகத்தான் இருந்திருக்கிறது. ஆகஸ்டில் மந்திரி பதவி. என்ன இலாகா தெரியுமா? நீதி.

செகூ தூரேவின் கினியாவில் நீதி மந்திரி! அரசியல் வழக்குகளில் குற்றவாளி கோர்ட்டுக்கு வர வேண்டிய அவசியம்கூட இல்லை. அவன் 'வாக்குமூலம்' டேப்பில் வரும், ரேடியோவில் ஒலிபரப்பாகும், தண்டனை அறிவிக்கப்படும். இதில் நீதி மந்திரிக்கு ஒரு வேலையும் கிடையாது. போய்ரோ முகாம் அவர் கையில் இல்லை. விசாரணைக் கமிட்டி ஜனாதிபதியின் தம்பி முறையான இஸ்மாயில் தூரேவிடம். முகாம், உறவினர் சியாக்கா தூரேவிடம். குடும்பத் தொழில். நாலு வருஷம் தெல்லி சிவில் சட்டம், கோர்ட் நடைமுறை என்று அமைதியாகக் காலம் தள்ளினார்.

1976 ஜூலை 18. ராத்திரி வீட்டுக்கு ஜீப் வந்தது.

இந்தத் தடவை சதியின் பெயர் 'ஃபுலா சதி'. ஆகஸ்டில் தூரே மேடை மேடையாக அந்த இனத்தையே வைது பேசினார். அவர்கள் பிள்ளைகளுக்கு இனிமேல் வெளிநாட்டில் படிக்க ஸ்காலர்ஷிப் கிடையாது என்றார். தெல்லியைப் போன்றவர்களை உருவாக்கிய ஏணியையே எடுத்துவிடுகிற வேலை. தெல்லி மீது குற்றச்சாட்டு, அமெரிக்க சி.ஐ.ஏ.வின் ஆள் என்பது. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிற ஓர் அறை போய்ரோவில் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'டெக்னிக்கல் அறை'. அங்கே போய் வந்த பிறகு எல்லோரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். தெல்லியும் ஒப்புக்கொண்டார். இன்னும் இரண்டு மந்திரிகள், இரண்டு ராணுவ அதிகாரிகள் அவரோடு.

1977 பிப்ரவரி 12-ம் தேதி அந்த ஐந்து பேரையும் தனித் தனி அறைக்கு மாற்றினார்கள். அந்த முகாமில் ஒரு தண்டனைக்குப் பெயர் 'கறுப்புப் பத்தியம்'. சோறு கிடையாது. தண்ணீர் கிடையாது. கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளேயிருந்து சத்தம் நிற்கும் வரை திறக்க மாட்டார்கள். துப்பாக்கிக் குண்டு செலவில்லை. கொன்றார்கள் என்று ஒரு காகிதத்திலும் எழுத வேண்டியதில்லை.

மார்ச் 1-ம் தேதி வாக்கில் டியாலோ தெல்லி இறந்தார். பிப்ரவரி 12-லிருந்து மார்ச் 1. நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், என்னால் எழுத முடியவில்லை.

வீட்டுக்குத் தகவல் இல்லை. உடம்பும் தரவில்லை. வெளியே வருஷக்கணக்கில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே கேள்வியாக இருந்தது. அதே போய்ரோவில் சிறையிலிருந்து பிழைத்து வந்த அமாது டியாலோ என்பவர் 1983-ல் பாரீஸில் ஒரு புத்தகம் எழுதி, உள்ளே நடந்ததைச் சொன்னார். பின்னால் 1990-ல் ஆந்த்ரே லெவின் தெல்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். லெவின் யார் என்றால், 1975-லிருந்து 79 வரை கொனாக்ரியில் பிரெஞ்சுத் தூதர். அதாவது, தெல்லியின் கதவு சாத்தியிருந்த நாட்களில் அதே ஊரில், சில மைல் தூரத்தில் இருந்தவர். பல கைதிகளைப் பேசிப் பேசி வெளியே எடுத்தவர்தான் அவர். இந்தக் கைதியை முடியவில்லை.

சரி, தெல்லி எட்டு வருஷம் உழைத்த அந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு என்ன செய்தது? தன் முதல் பொதுச் செயலாளர் காணாமல் போனதற்கு ஒரு கண்டனம்? ஒரு தீர்மானம்? ம்ஹூம். அடுத்த வீட்டு விவகாரம். சாசனத்தில் எழுதியிருக்கிறதே. அந்தச் சாசனத்தைக் கண்ணும் கருத்துமாக எட்டு வருஷம் பாதுகாத்து வைத்திருந்தவரே தெல்லிதான். தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்தவர்களுக்காக 106 நாடுகளைக் கை தூக்க வைத்த மனிதருக்கு, ஒரு நாடு எழுந்து நிற்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 1984-ம் வருஷத்து ஆப்பிரிக்க ஒற்றுமை மாநாட்டை எங்கே நடத்துவது என்று தலைவர்கள் யோசித்து, கொனாக்ரி என்று முடிவு செய்தார்கள். எங்கே மாநாடோ அந்த நாட்டுத் தலைவர்தான் வழக்கப்படி அமைப்பின் தலைவர். அதாவது, செகூ தூரே. அவர் உற்சாகமாகக் கடற்கரைப் பக்கம் விருந்தாளித் தலைவர்களுக்கென்று வரிசையாக அழகழகான வில்லாக்கள் கட்ட ஆரம்பித்தார். மாநாட்டு மண்டபம் வேறு. ஒவ்வொரு ஜனாதிபதிக்கும் ஒரு வில்லா. ஏழ்மையிலும் சுதந்திரம் என்று முழங்கிய நாட்டில், போய்ரோ முகாம் இருக்கும் அதே ஊரில்.

அந்த மார்ச்சில் தூரேவுக்கு இதயக் கோளாறு. அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சி.ஐ.ஏ. ஆள் என்று தெல்லியைக் கொன்றவர், மார்ச் 26-ம் தேதி ஆபரேஷன் டேபிளில் அமெரிக்க டாக்டர்களின் கையில் இறந்தார். எட்டாவது நாள், ஏப்ரல் 3-ல், ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. போய்ரோ கதவுகள் திறந்தன. உயிரோடு இருந்தவர்கள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் வாசலில் காத்திருந்தார்கள். பலருக்கு அன்றைக்குத்தான் தாங்கள் விதவை என்பது உறுதியானது. எங்கே புதைத்தீர்கள் என்ற கேள்விக்குச் சரியான பதிலை யாரும் தரவில்லை. பதில் தெரிந்திருக்கக்கூடிய இஸ்மாயில் தூரேவையும் சியாக்கா தூரேவையும் புதிய ராணுவ அரசு 1985-ல் சுட்டுக் கொன்றுவிட்டது. விசாரணை இல்லாமல்தான்.

2002-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு போய், ஆப்பிரிக்க யூனியன் வந்தது. கூட்டுக் கொலை, போர்க் குற்றம் என்றால் அடுத்த வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்று அதன் சாசனத்தில் ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். தலைமையகம் இப்போதும் அடிஸ் அபாபாவில்தான்.

கொனாக்ரியில் வில்லாக்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் கட்டியவர் போய்விட்டார், புதிய ராணுவ அரசிடம் மாநாடு நடத்துகிற வசதியும் இல்லை, மனசும் இல்லை. மே மாதம் நடக்க வேண்டியதைத் தள்ளிப் போட்டு, நவம்பரில் பழையபடி அடிஸ் அபாபாவுக்கே போய்க் கூடினார்கள். சந்தா பாக்கி யார் யார் எவ்வளவு என்று அந்த வருஷமும் பேசியிருப்பார்கள்.